கோமதிக்குப் போட்ட இருட்டு

வளைகுடாவில் லைட் போட்டுக்கொண்டிருந்தேன் என்று சொன்னால், ஊரில் எல்லோரும் நான் வீட்டு ஒயரிங் செய்தேன் என்றுதான் நினைக்கிறார்கள். சம்பந்தி போன மாதம் வந்து, கிணற்று மோட்டார் இரைகிறது, கொஞ்சம் பாருங்கள் என்றார். எனக்கு மோட்டார் தெரியாது. நான் போட்டது மேடை விளக்கு. அதிலும் ஃபாலோ ஸ்பாட் என்று ஒன்று உண்டு. கூட்டத்துக்குப் பின்னால் இரும்புச் சாரம் கட்டி, அதன் உச்சியில் பெரிய விளக்கை வைத்து, மேடையில் பாடுகிறவரோ ஆடுகிறவரோ எங்கே போனாலும் அந்த வட்ட வெளிச்சத்தைக் கையால் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். வேலைக் காலத்தில் முக்கால்வாசியை நான் அந்தச் சாரத்தின்மேல் ஸ்டூலில் உட்கார்ந்தே கழித்தேன். அதில் மிச்சமானது கழுத்து வலி.

பழைய கம்பெனி ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. இப்போது வேலையில் இருக்கும் பையன்களும் அதில் உண்டு. "அண்ணாச்சி, உங்க அனுபவத்த எழுதுங்க, நீங்க லைட் போடாத ஸ்டார் உண்டா" என்று ரொம்ப நாளாக நச்சரிக்கிறார்கள். எந்த நடிகை லேட்டாக வந்தாள், எந்தப் பாடகர் மைக்கை எறிந்தார் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு ஆசை. அந்தக் கதை என்னிடம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, ஆனால் எழுதத் தோன்றியதில்லை. போன வாரம் அதே குழுவில் யாரோ ஒரு பழைய வீடியோவை அனுப்பினார்கள். மேடையில் ஒட்டிப் பிறந்த இரண்டு பெண்கள் பாடிக்கொண்டே நடந்து வந்து விழுகிறார்கள். கீழே நாலைந்து சிரிப்புப் பொம்மைகள். அனுப்பியவனுக்கு அது எங்கள் கம்பெனி நிகழ்ச்சி என்பதுகூடத் தெரியாது. அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலை கற்ற கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு தோஹா தொழில்பேட்டைக்குப் போனேன். கேபிள் இழுத்தேன், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றினேன், கல்யாண மண்டபங்களில் சீரியல் செட் தொங்கவிட்டேன். கஃபீல் என்கிற ஸ்பான்சர் மாறினார், கம்பெனி மாறியது. கடைசியில் ஷார்ஜாவில் மேடை நிகழ்ச்சிகளுக்கு விளக்கு வைக்கும் கம்பெனி ஒன்றில் வந்து விழுந்தேன். அங்கே எங்களுக்குத் தலைவர் வர்கீஸ் சேட்டன்.

வர்கீஸ் சேட்டன் ஒல்லியான ஆள். ஏசி அறையிலும் கழுத்தில் துண்டு கிடக்கும். காதில் மாட்டும் ஹெட்செட்டில் மற்ற மேலதிகாரிகள் எல்லாம் கத்துவார்கள்; அவர் பக்கத்தில் தூங்கும் குழந்தை எழுந்துவிடக் கூடாது என்பதுபோலத்தான் பேசுவார். "பதுக்கெ முத்து, பதுக்கெ" என்பதுதான் அவர் எனக்கு அதிகம் சொன்ன வார்த்தை. மெதுவாக, மெதுவாக. திட்டினாலும் அதே குரலில்தான் திட்டுவார். அதனால் திட்டியது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைக்கும்.

அவரிடம் சில சட்டங்கள் இருந்தன. அந்த விளக்கு வீட்டு பல்பு மாதிரி அல்ல. ஒருமுறை அணைத்தால் ஆறிய பிறகுதான் மறுபடி பிடிக்கும். அதனால் நிகழ்ச்சி முடியும்வரை அணைக்கவே கூடாது. இருட்டு வேண்டுமென்றால் முன்னால் உள்ள மூடியைச் சாத்த வேண்டும். பல்பை வெறும் கையால் தொடக் கூடாது. வட்டத்தைச் சின்னதாக்கவும் பெரிதாக்கவும் ஐரிஸ் என்று ஒரு கைப்பிடி உண்டு. அதை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம், பாடுகிறவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது. "முகம் நோக்கண்டா. காலு நோக்கு. முகம் கள்ளம் பறயும்" என்பார். முகம் பொய் சொல்லும், நகரப் போகிறவனின் குதிகால் முன்கூட்டியே சொல்லிவிடும். அப்புறம் கடைசிச் சட்டம்: மேடையில் யாராவது விழுந்தால் முதலில் இருட்டாக்கு, பிறகு ஓடு. விழுந்த ஆளை எழுந்திருக்கும்வரை யாரும் பார்க்கக் கூடாது. அது அந்த ஆளுக்கு நாம் தரும் மரியாதை என்று சொல்வார்.

குளிர்காலத்தில் பாலைவன ஓரமாகப் பெரிய சந்தை போடுவார்கள். ராட்டினம், கடைகள், சாப்பாடு, நடுவில் மேடை. ஒரு வருடம் அந்த மேடையைச் சென்னைக்காரர் ஒருவர் எடுத்திருந்தார். கிருபா சார் என்போம். நல்ல மனிதர், யாருடைய சம்பளத்தையும் நிறுத்தியதில்லை. அவர்தான் லெச்சுமியையும் கோமதியையும் கொண்டுவந்தார். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்கள். முப்பதை நெருங்கிய வயது. இடுப்பில் பக்கவாட்டாக, கொஞ்சம் பின்புறமாக ஒட்டிப் பிறந்தவர்கள். பாதி திறந்த புத்தகத்தின் இரண்டு அட்டைகள்போல ஆளுக்கொரு பக்கம் லேசாகத் திரும்பி நிற்பார்கள். இரண்டு பாஸ்போர்ட், இரண்டு ஆர்ட்டிஸ்ட் விசா. ஷார்ஜா ரோலாவில் ஃபிளாட் எடுத்து, தச்சனை வைத்து அவர்களுக்குத் தகுந்த கட்டில் செய்து போட்டிருந்தார் கிருபா சார்.

லெச்சுமி பாடுவாள். சும்மா சொல்லக் கூடாது, தொண்டை அப்படி. பாட்டுக்கு நடுவே கூட்டத்தைக் கிண்டலும் செய்வாள். "எனக்குக் கலியாணம் பேச வாரவங்க இவளையும் சேத்துத்தான் பொண்ணு பாக்கணும், சீர் மட்டும் ஒண்ணுதான் குடுப்போம்" என்பாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். கோமதி பாடவும் மாட்டாள், பேசவும் மாட்டாள். முகத்தைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பாள்.

முதல் ஒத்திகையில் இடைவேளை விட்டபோது நான் கீழே இறங்கி அவர்களுக்கு டீ கொண்டுபோனேன். என் பேச்சைக் கேட்டதும் லெச்சுமி பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சிக்கு நம்ம பக்கமா?"

"வள்ளியூர்ம்மா."

"பாத்தியா, நான் சொல்லல? டீய அவுக ஆத்துததப் பாத்தே சொல்லிட்டேன்" என்றாள் கோமதியிடம். கோமதி டீயை வாங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, மேல இருந்து வெளிச்சம் போடுதது நீங்கதானா?"

"ஆமா."

"அத அவ மேல மட்டும் போட முடியுமா? என் மேல படாம."

நான் சிரித்துவிட்டேன். "நீங்க ரெண்டு பேரும் ஒரு சாண் தள்ளி நிக்க முடியாதேம்மா."

"அதுக்குத்தான உங்ககிட்ட கேக்கேன். தள்ளி நிக்க முடிஞ்சா நானே போயிருக்க மாட்டனா?"

அதன் பிறகு அவள் சொன்னாள். சின்ன வயதில் அவர்களுடைய மாமா ஊர் ஊராகக் கொட்டகை போட்டு அவர்களைக் காட்டியிருக்கிறார். டிக்கெட் எடுத்து வருகிறவர்களுக்குப் பாவாடையை ஒதுக்கி ஒட்டிய இடத்தைக் காட்ட வேண்டும். "நெசந்தானான்னு தொட்டுப் பாப்பாவ. சில பேரு கிள்ளிப் பாப்பாவ. இவளுக்கு அது மறந்துபோச்சு, எனக்கு மறக்கல" என்றாள்.

"எனக்கு எங்க மறந்துச்சு?" என்றாள் லெச்சுமி. கிண்டல் குரல் போய்விட்டது. "பாடுனா என் மூஞ்சியப் பாப்பாவ, இடுப்பப் பாக்க மாட்டாவன்னுதான் நான் பாடவே ஆரம்பிச்சேன். இவளானா ஓடி ஒளியணும்ங்கா. எங்க ஓடுதது?"

கோமதி என்னிடம்தான் பேசினாள். "இவ பாடணும் அண்ணாச்சி. அது இல்லாட்டி இவ செத்துருவா. நான் அங்க இருக்கக் கூடாது. ரெண்டுக்கும் ஒரு வழி பண்ணிக் குடுங்க."

வர்கீஸ் சேட்டனிடம் போய்ச் சொன்னேன். கிருபா சாரிடம் சொல்லாதே என்று மட்டும் சொல்லிவிட்டு, கேண்டீனிலிருந்து காலி எண்ணெய் டின் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். தகரத்தை வெட்டினார், ஓரத்தை அரத்தால் ராவினார், விளக்குக்கு உள்ளே படம் செருகும் இடுக்கில் வைத்தார். வட்டத்தின் ஒரு பக்கம் நேர்கோடாக வெட்டுப்பட்டது. மேடையில் இரண்டு தண்ணீர் கேன்களை ஒட்டி நிறுத்தி, ஒன்றில் வெளிச்சம், மற்றதில் இருட்டு என்று வரும்வரை என்னைப் பழக்கினார். பிறகு இரண்டு ஹெல்பர்களைத் தோளோடு தோள் சேர்த்து நடக்கவிட்டார். ஒருவன் மூக்கில் வெளிச்சம் பட்டுவிட்டால், "முத்து, அவன்றெ மூக்கு கண்டு" என்பார். மறுபடி முதலிலிருந்து.

உண்மையான ஆட்களோடு செய்தபோது எனக்கு ஒரு சிக்கல் வந்தது. காலைப் பார் என்பது சட்டம். இங்கே நான்கு கால்கள். லெச்சுமியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் நான் பிந்திப்போனேன். கவனித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நடப்பதெல்லாம் கோமதிதான். எங்கே போக வேண்டும் என்று லெச்சுமி தோளால் லேசாகச் சாய்வாள்; உடனே கோமதியின் வெளிக்கால் முதலில் எடுத்து வைக்கும்; லெச்சுமியின் கால்கள் அதன் பின்னால் வரும். பாட்டில் மூச்சு போய்விடுவதால் உடம்பைச் சுமக்கும் வேலையைத் தங்கையான கோமதி எடுத்துக்கொண்டிருந்தாள். ஆகவே லெச்சுமிமேல் வெளிச்சத்தை நிறுத்துவதற்கு நான் இருட்டில் நிற்கும் கோமதியின் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான்.

முதல் நாள் நிகழ்ச்சியில் கூட்டம் அள்ளியது. லெச்சுமி மட்டும் தனியாக நின்று பாடுவதுபோலத்தான் இருந்தது. கடைசியில் வணக்கம் சொல்லும்போது மேடை முழுக்க விளக்கு வரும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குக் கோமதி தலையைக் குனிந்துகொள்வாள். அப்போதுதான் இருவரையும் சேர்த்துப் பார்த்துக் கூட்டம் ஓவென்று இரையும்.

கிருபா சார் ஹெட்செட்டில் வந்தார். "வர்கீஸ், ரெண்டாவது பொண்ணு எங்க? வட்டத்தைப் பெருசாக்கச் சொல்லுங்க."

"ஐரிஸ் ஸ்டக்காயி சார்" என்றார் வர்கீஸ் சேட்டன், அதே தாலாட்டுக் குரலில்.

மறுநாளும் கேட்டார். பார்ட்ஸ் ஜெர்மனியிலிருந்து வர வேண்டும் என்றார் சேட்டன். அதற்கு அடுத்த வாரம் பார்ட்ஸ் துறைமுகத்தில் நிற்பதாகச் சொன்னார். அந்த சீசன் முழுக்க என் விளக்கின் ஐரிஸ் இறுகிக் கிடந்தது. சாரத்தின்மேல் உட்கார்ந்து நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன். என் வேலைக் காலத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த சீசனில்தான்.

நடுவில் பஹ்ரைனில் மனாமாவில் சில நிகழ்ச்சிகள் வந்தன. குதைபியாவில் தங்கினோம். லெச்சுமி கடை கடையாக வளையல் விலை கேட்டாள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. கோமதி முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு நின்றாள். அன்று சாயங்காலம் மேடைக்குப் போவதற்கு முன்னால் என்னிடம் சொன்னாள். "தெருவில, ரூம்ல, ஆஸ்பத்திரில, எங்க போனாலும் பாக்காவ அண்ணாச்சி. மேடைலதான் யாரும் பாக்கல. அங்கதான் நிம்மதியா மூச்சு விடுதேன்." அதைக் கேட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குப் போன் போட்டு மனைவியிடம் சொன்னேன். அவள், சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

அடுத்த சீசனில் மேடைக்குப் பின்னால் பெரிய எல்இடி திரை வந்தது. கேமராக்கள் வந்தன. கேமராவுக்கு வெளிச்சம் போதாது என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் விளக்கு போட்டார்கள். மேடை பட்டப்பகல் ஆகிவிட்டது. தகரத் துண்டு செருகிய என் வட்டம் அந்தப் பகலில் எங்கே விழுகிறது என்று எனக்கே தெரியவில்லை. திரையில் லெச்சுமியின் முகம் ஒரு மாடி உயரத்துக்கு வரும். உடனே கேமரா நகர்ந்து கோமதியின் முகம் அதே உயரத்துக்கு வரும். பிறகு கீழே இறங்கி இடுப்பில் நிற்கும்.

வர்கீஸ் சேட்டன் கிருபா சாரிடம் போய் நின்றார். நானும் கூடப் போனேன். கிருபா சார் கோபப்படவில்லை. "சேட்டா, ஐரிஸ் கதை எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? ஒரு சீசன் விட்டுட்டேன். பாட்டு வேணும்னா ஜனங்க வீட்லயே போன்ல கேப்பாங்க. இங்க எதப் பாக்க வர்றாங்கன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பொண்ணுங்களுக்கே தெரியும்." சேட்டன் கழுத்துத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

கோமதி ஊருக்குப் போய்விடலாம் என்றாள். மேடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சண்டை போட்டால் மற்றவர்கள் எழுந்து போவார்கள். இவர்கள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும்.

"ஊருக்குப் போயி?" என்றாள் லெச்சுமி. "மாமா கொட்டாய்ல உக்காரவா? இங்கயாவது பாட விடுதாங்க. அங்க வாயத் தொறக்க விட மாட்டாரு. காட்டிக்கிட்டு மட்டும் இருக்கணும். உனக்கு அதுதான் வேணுமா, சொல்லு."

கோமதி அடுத்த சீசனுக்கும் சம்மதித்தாள்.

அதற்குப் பிறகு அவள் மேடையில் தூங்க ஆரம்பித்தாள். தலை சரிந்து, கண் பாதி மூடி, வாய் லேசாகத் திறந்திருக்கும். உடம்பு சரியில்லையோ என்று நான் பயந்து கேட்டேன். ஊரிலிருந்து கொண்டுவந்த அலர்ஜி மாத்திரை. சளிக்கும் அரிப்புக்கும் போடுவது, போட்டால் தூக்கம் வரும். இருட்டு போய்விட்டதால் அவள் வேறு வழியாக மேடையை விட்டுப் போகப் பார்த்தாள்.

ஆனால் இருவருக்கும் ஓடுவது ஒரே ரத்தம். ஒருத்தி போடும் மாத்திரை மற்றவளுக்கும் போய்ச் சேரும். அது பிறந்ததிலிருந்து அவர்களுக்குத் தெரிந்ததுதான். "எனக்கு அர மயக்கம் வந்தா அவளுக்கு ஒரு கொட்டாவி வரும், அவ்வளவுதான். கணக்கு பாத்துத்தான் போடுதேன்" என்றாள் கோமதி. அந்தக் கொட்டாவியை விரட்ட லெச்சுமி சுலைமானி என்கிற பால் விடாத கடும் டீ குடித்தாள். சுலைமானி போதாதபோது எனர்ஜி ட்ரிங்க் டின்கள். அவர்கள் கேட்கும்போதெல்லாம் கடைக்குப் போய் வாங்கி வந்தது நான்தான். ஒரே ரத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி தூக்கத்தின் பக்கமும் ஒருத்தி பாட்டின் பக்கமும் இழுத்தார்கள். மேடைக்கு முன்னால் ஒரே நேரத்தில் ஒருத்தி மாத்திரையை விழுங்குவாள், மற்றவள் டின்னை உடைப்பாள். இருவருமே சிரிக்க மாட்டார்கள்.

தூங்குகிறவளால் நடக்க முடியாது என்பதால், லெச்சுமி உட்கார்ந்தே பாடுகிறேன் என்று கேட்டு வாங்கினாள். பூ அலங்காரம் செய்த சோபா ஒன்றைப் போட்டார்கள். கொஞ்ச நாள் அப்படி ஓடியது. பிறகு பெருநாள் விடுமுறை வந்தது. கூட்டத்துக்கு நடுவே நீட்டிக் கட்டிய நடைமேடை ஒன்றை கிருபா சார் போட்டார். அதில் இருவரும் நடந்து வந்து ஜனங்களுக்குக் கை கொடுக்க வேண்டும் என்றார்.

அன்று சாயங்காலம் பாட்டு தொடங்கியது. திரை விலகியது. லெச்சுமி தோளால் சாய்ந்தாள். நான் வழக்கம்போலக் கோமதியின் குதிகாலைப் பார்த்தேன். அது எழவில்லை. லெச்சுமி மறுபடி சாய்ந்தாள். கால் எழுந்தது, ஆனால் எங்கே வைப்பது என்று தெரியாத கால். நடைமேடை என்றதும் கோமதி மாத்திரையை வழக்கத்தைவிட அதிகமாகப் போட்டிருக்கிறாள். லெச்சுமியும் அதற்கேற்றபடி எனர்ஜி ட்ரிங்கை அதிகமாகக் குடித்திருக்கிறாள். பாட்டின் இரண்டாவது அடியில் லெச்சுமிக்கு நாக்கு குழறியது. அவளுக்கு அப்படி ஆனதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. இருந்தாலும் பாடிக்கொண்டே, தூங்குகிற தங்கையைத் தன் இடுப்பால் இழுத்துக்கொண்டு, அந்த நடைமேடையில் பாதி தூரம் வந்துவிட்டாள். கூட்டம் கைதட்டியது. இதெல்லாம் வேடிக்கைக்காகச் செய்வது என்று நினைத்தார்கள். பிறகு விழுந்தார்கள்.

"கட்" என்றார் வர்கீஸ் சேட்டன். அவர் குரல் உயர்ந்ததை அன்றுதான் கேட்டேன்.

நான் மூடியைச் சாத்தினேன். மற்ற விளக்குகள் எல்லாவற்றையும் அவர் ஒரே பட்டனில் அணைத்தார். எல்இடி திரையும் கருத்தது. முதலில் இருட்டாக்கு, பிறகு ஓடு. இருட்டாக்கிவிட்டோம். நான் சாரத்திலிருந்து இறங்கத் திரும்பினேன். அப்போது கீழே ஒரு போன் டார்ச் எரிந்தது. இன்னொன்று எரிந்தது. நான் ஏணியில் பாதி இறங்குவதற்குள் அந்த மைதானம் முழுக்க எரிந்தது. எல்லோரும் கையை நீட்டி, நடைமேடையில் கிடந்த அந்த இருவர்மேல் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போட்டிருந்த எந்த விளக்கையும்விட அது வெளிச்சமாக இருந்தது.

லெச்சுமியின் மைக்கை யாரும் அணைக்கவில்லை. "கோமு, எந்திரி. கோமு, பாக்காவட்டி, எந்திரி" என்று அவள் சொன்னது எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது. அதற்கும் சிலர் சிரித்தார்கள். ஒருவன் விசில் அடித்தான். குழுவில் சுற்றுகிற வீடியோ அதுதான்.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்தார்கள். மாத்திரை பற்றி விசாரணை வந்தது. கிருபா சார் அங்கும் இங்கும் ஓடி முடித்துவைத்தார். விசா கேன்சல். வீடியோ எல்லா நாட்டுக்கும் போய்விட்டதால் வேறு மேடைக்காரர் யாரும் கூப்பிடவில்லை. குடிகாரப் பெண்கள் என்று பேராகிவிட்டது.

ஏர்போர்ட்டுக்கு நானும் சேட்டனும் போனோம். லெச்சுமி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அண்ணாச்சி, விழுதது வரைக்கும் நல்லாத்தான பாடுனேன்?" நல்லா பாடினாய் என்றேன். கோமதி எங்கள் பக்கம் திரும்பவில்லை. திரும்பி வரும் வழியில் சேட்டன் சட்டைப் பையிலிருந்து அந்தத் தகரத் துண்டை எடுத்து, பெட்ரோல் பங்கில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டார். சீக்கிரமே சவூதியில் தம்மாமுக்கு வேறு வேலைக்குப் போய்விட்டார். அங்கேயே மாரடைப்பில் இறந்துபோனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் இன்னும் சில வருடம் ஓட்டினேன். கை நடுங்க ஆரம்பித்ததும் போதும், கலாஸ் என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்தேன்.

போன வருடம் கோயில் கொடைக்கு மைத்துனன் ஊருக்குப் போயிருந்தேன். கோயிலைத் தாண்டிப் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். மரணக் கிணறு, ராட்டினம், அப்பளக் கடை. ஒரு கொட்டகையின் வாசலில் இடுப்பு ஒட்டிய இரண்டு பெண்களைப் பெரிய படமாக வரைந்து, அதிசய சகோதரிகள் என்று எழுதியிருந்தது. நேரில் கண்டு செல்லுங்கள், தொட்டும் பார்க்கலாம் என்று ஸ்பீக்கரில் ஓர் ஆண் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. பாட்டு ஒன்றும் கேட்கவில்லை.

டிக்கெட் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் கோமதிக்கு நான் செய்கிற துரோகம். பார்க்காமல் திரும்பிவிட்டால் லெச்சுமிக்குச் செய்கிற துரோகம். தெரிந்த முகம் ஒன்று வந்து ஒரு பாட்டுக் கேட்காதா என்று அவள் உட்கார்ந்திருப்பாள். சாக்குத் திரைக்கு வெளியே நின்றேன். பின்னால் நின்றவர்கள் இடித்தார்கள். கடைசியில் ஒன்று செய்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, முன்னால் போகிறவரின் தோளில் கை வைத்து உள்ளே போனேன். டியூப் லைட்டின் இரைச்சல் கேட்டது. கண்ணை மூடியிருந்தும் வெளிச்சம் தெரிந்தது. எல்லாப் பக்கமும் போட்டிருந்தார்கள். கயிறு மாதிரி ஏதோ வயிற்றில் தட்டியதும் நின்றேன்.

"லெச்சு, அண்ணாச்சி வந்திருக்கேன். ஒரு பாட்டு பாடும்மா. நான் பாக்கல, கேக்க மட்டும் செய்யுதேன்."

லெச்சுமி மூச்சை இழுத்தாள். பாடுவதற்கு முன்னால் இழுக்கும் மூச்சு, எனக்குத் தெரியும். அது அப்படியே போய்விட்டது. பாட்டு வரவில்லை. பின்னால் ஒருவர், பெரியவருக்கு என்ன ஆச்சு, நகரும் ஐயா என்றார்.

பேசியது கோமதிதான்.

"கண்ணத் தொறங்க அண்ணாச்சி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "டிக்கெட் எடுத்துருக்கியள்லா. பாத்துட்டுப் போங்க."

திறந்தேன்.